பர்முடா மட்டும் போதுமா, நாலு துறைமுகம் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். ஜூன் நடுவில் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படி என்றால் யோசிப்பார். அம்மாவுக்கு 66, சுத்த சைவம். பையனுக்கு 11, பெண்ணுக்கு 5. ஜூலையில் ஆறு பேரும் ஒரு வாரம் கப்பலில் போய்வரலாம் என்று திட்டம். நியூயார்க் பக்கத்தில் கிளம்பி பர்முடாவுக்கு மட்டும் போய்த் திரும்பும் 7 இரவுப் பயணம் ஒன்று பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் மயாமியில் கிளம்பி ரோவாட்டான், கோஸ்டா மாயா, கோசுமெல், கிராண்ட் கேமன் என நாலு இடம் தொடும் 7 இரவுப் பயணம் பார்த்திருக்கிறார். "இவ்வளவு காசு கொடுத்து ஒரே ஒரு தீவையா பார்ப்பது?" என்பது அவர் கேள்வி. நாங்கள் இருவரும் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறோம். அதிலேயே நீட்டிப்பு வாங்கி இருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது? இன்னொன்று, அம்மா கேட்கச் சொன்னது: புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குடும்பத்துக்கு பர்முடாதான் சரி. உங்கள் வீட்டுக்காரர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ஆறு பேரையும் ஜூலை மாதத்தையும் வைத்துப் பார்த்தால் எனக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலையை இன்று ராத்திரியே செய்துவிடுங்கள்.

உங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்து, அமெரிக்க விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள். பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை என்றால் அவர்கள் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். நீட்டிப்பு வந்து, அதற்கான ஒப்புதல் அறிவிப்பான ஐ-797 காகிதம் கையில் இருக்கிறது என்பது நாட்டுக்குள் வேலை செய்யப் போதும். கப்பலில் வெளியே போய்த் திரும்பி இறங்கும்போது காலாவதியாகாத விசா முத்திரையே பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். முத்திரை முடிந்திருந்தாலும் 30 நாளுக்குள் திரும்பினால் விடுவார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தச் சலுகை எச்-1பிக்காரர்களுக்கு கனடா, மெக்சிகோ போய்வந்தால் மட்டும்தான். பக்கத்துத் தீவுகளுக்கும் சேர்த்து அது கிடைப்பது மாணவர் விசாவான எஃப், பரிமாற்ற விசாவான ஜே ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு. பர்முடா ஒரு தீவு, பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. முத்திரை முடிந்த எச்-1பியோடு அங்கே போனால் திரும்ப வழியில்லை. உங்கள் வீட்டுக்காரர் பார்த்த பயணத்தில் மெக்சிகோ இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். கோஸ்டா மாயாவும் கோசுமெலும்தான் மெக்சிகோ. ரோவாட்டான் ஹோண்டுராஸைச் சேர்ந்தது, கிராண்ட் கேமன் கேமன் தீவுகளைச் சேர்ந்தது. முத்திரை முடிந்திருந்தால் இந்த ஆண்டு இரண்டு பயணமும் வேண்டாம். அம்மா அப்பாவை நயாகராவுக்கு அமெரிக்கப் பக்கமாகவே காரில் கூட்டிப்போங்கள், நான் சந்தோஷப்படுவேன்.

அப்பா அம்மாவிடம் பத்தாண்டு, பலமுறை நுழையும் பி1/பி2 சுற்றுலா விசா இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவுக்குப் பலமுறை நுழையும் விசா இருக்கும் இந்தியர்களிடம் பர்முடா தனி விசா கேட்பதில்லை. ஆனால் அந்த விசா பர்முடாவை விட்டுக் கிளம்பிய பிறகும் குறைந்தது 45 நாள் செல்லுபடியாக வேண்டும். உங்கள் எச்-1பி முத்திரைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் ஆறு பேரின் குடியுரிமை, விசா வகை, முடியும் தேதி எல்லாவற்றையும் எழுதி, கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். துறைமுகத்தில் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று சொல்லப்போவது அவர்கள் ஆட்கள்தான். திரும்பி இறங்கிய அன்றே அப்பா அம்மா எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பழைய தேதியே தொடர்ந்தால் அதை மீறாமல் ஊர் திரும்பும் டிக்கெட் இருக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கு.

"நாலு இடம்" என்று விளம்பரத்தில் படிப்பதும், கரையில் உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் வேறு வேறு. கரீபியன் துறைமுகங்களில் கப்பல் பெரும்பாலும் காலை ஏழு, எட்டு மணிக்கு வந்து மாலை நாலு, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். காலையில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே வாசலில் இறங்குவார்கள். ஆறு பேர் குடும்பம், அதில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, முழங்கால் வலிக்காரர் ஒருவர். சாப்பிட்டு, பையைக் கட்டி, லிஃப்டுக்குக் காத்திருந்து கரையில் கால் வைக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். மூன்று மணிக்கெல்லாம் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரு ஊருக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரம். அதிலும் வெயில் உச்சியில் இருக்கும் நேரம். கும்பகோணத்தில் காலையில் பஸ் பிடித்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் பார்த்து வருவார்களே, அந்த மாதிரிதான் இருக்கும். எல்லா இடத்துக்கும் போயிருப்போம், எந்த வாசலிலும் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

7 இரவு பர்முடாப் பயணங்களில் கப்பல் பெரும்பாலும் இரண்டு இரவு அங்கேயே கட்டிக்கிடக்கும். ஒரு நாள் காலையில் வந்து, மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் கிளம்பும். கணக்குப் போட்டால் ஐம்பது மணி நேரத்துக்கு மேல். காலையில் இரண்டு மணி நேரம் வெளியே போய், மதியம் வெயிலில் கப்பலுக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி, ஐந்து மணிக்கு மறுபடி இறங்கலாம். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது இதுதான். உங்கள் ஐந்து வயது மகளுக்கும் இதுதான். அப்பா "இன்னிக்கு நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று சொன்னாலும் அவருடைய பயணம் கெடாது, நாளைக்கும் அதே ஊர் வாசலில் இருக்கும். நாலு துறைமுகப் பயணத்தில் ஒரு நாள் அவர் இறங்கவில்லை என்றால் அந்த ஊர் அவருக்குப் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. பர்முடா என்று பெயர் போட்ட எல்லாப் பயணமும் இப்படி இல்லை. 5 இரவுப் பயணங்கள் சிலவற்றில் கப்பல் ஒரே பகல் நின்று கிளம்பிவிடும். முன்பதிவுப் பக்கத்தில் வந்துசேரும் மணி, கிளம்பும் மணி இரண்டையும் தேதியோடு பாருங்கள். இரண்டு இரவு இல்லை என்றால் நான் மேலே சொன்ன வாதம் பாதி செல்லாது.

முழங்கால் விஷயத்துக்கு வருவோம். கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரையில் கட்ட இடம் கிடையாது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சிறு படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். கப்பலின் வயிற்றுப் பக்கத்தில் திறக்கும் ஒரு கதவில் நின்று, அலையில் மேலும் கீழும் ஆடும் படகுக்குள் ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சிப்பந்திகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு எட்டை மடங்காத முழங்காலோடு எடுத்து வைப்பது சுலபமில்லை. கடல் கொஞ்சம் கொந்தளித்தால் படகே விடமாட்டார்கள், அன்றைய ஊர் ரத்து. துறைமுகப் பட்டியலில் 'டெண்டர்' என்று இருந்தால் அது இந்தப் படகுதான். பெரியவர்களோடு போகும் யாரும் முதலில் தேட வேண்டிய சொல் அது.

பர்முடாவில் பெரிய கப்பல்கள் தீவின் மேற்கு நுனியில் ராயல் நேவல் டாக்யார்டு என்ற இடத்தில் கரையோடு ஒட்டிக் கட்டுகின்றன. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய தளம் அது. கைதிகளைக் கொண்டுவந்து கல் உடைக்க வைத்துக் கட்டியது, 1951இல் மூடினார்கள். இன்று அருங்காட்சியகமும் கடைகளுமாக இருக்கிறது. சாய்வுப் பாலத்தில் இறங்கினால் சமதரை. அங்கே இரட்டைக் கோபுரம் ஒன்று தெரியும், இரண்டிலும் கடிகாரம் மாதிரி முகம். ஒன்று மணி காட்டும், மற்றது அன்றைக்குக் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று காட்டும். பையனை இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே படகுத்துறை. ஹாமில்டன் நகருக்குப் படகில் இருபது நிமிடம், உட்கார்ந்தபடி போகலாம். முன்பு தலைநகராக இருந்த செயின்ட் ஜார்ஜஸ் தீவின் மறுகோடியில் இருக்கிறது. கோடையில் அங்கேயும் டாக்யார்டிலிருந்து படகு உண்டு, நேர அட்டவணையை அன்றன்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1609இல் வர்ஜீனியாவுக்குப் போன சீ வென்ச்சர் என்ற கப்பல் புயலில் இந்தத் தீவின் பாறையில் மோதியது. அதிலிருந்து தப்பியவர்களில் தொடங்குகிறது இந்தத் தீவின் குடியேற்ற வரலாறு. 1612இல் செயின்ட் ஜார்ஜஸை நிறுவினார்கள், 2000இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. படகுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே பாஸ் வாங்கிவிடுங்கள். படகில் காசு வாங்க மாட்டார்கள், பஸ்ஸில் சில்லறை சரியாகக் கொடுக்க வேண்டும். பர்முடா டாலரும் அமெரிக்க டாலரும் ஒரே மதிப்பு, மாற்றத் தேவையில்லை.

எல்லோரும் போகும் கடற்கரை ஹார்ஸ்ஷூ பே. மணல் இளஞ்சிவப்பாக இருக்கும். சிவப்பு ஓடுள்ள நுண்ணிய கடலுயிர்கள் பாறைத் திட்டுகளில் வளர்ந்து, செத்து, ஓடு உடைந்து வெள்ளை மணலோடு கலப்பதால் வரும் நிறம். கையில் அள்ளிப் பார்த்தால் சிவப்புத் துணுக்குகள் தனியாகத் தெரியும். அங்கே அரசு பஸ்ஸில் போகாதீர்கள். பஸ் மேலே பெரிய சாலையில் நிறுத்திவிடும், அங்கிருந்து கடற்கரைக்குச் செங்குத்தான சரிவு. இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஈரத் துணியும் குழந்தையுமாக மத்தியான வெயிலில் திரும்ப ஏறும்போதுதான் தெரியும். டாக்யார்டிலிருந்து கிளம்பும் சிறு வேன்கள் கீழேயே கொண்டுபோய் விடும், அதில் போங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போய்விட்டு பதினொன்றரைக்குக் கிளம்புங்கள், கூட்டமும் வெயிலும் சேர்ந்து வருவதற்குள்.

இன்னொரு நாள் ஆறு பேர் உட்காரும் டாக்சி ஒன்றை மூன்று மணி நேரத்துக்கு அமர்த்துங்கள். பர்முடாவில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரிய கார் வாடகைக்குக் கிடைக்காது, குட்டி மின்சார வண்டியும் ஸ்கூட்டரும்தான். ஸ்கூட்டர் பக்கமே போக வேண்டாம், சாலைகள் குறுகல், வளைவு அதிகம். டாக்சிக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. முன்னால் நீலக் கொடி கட்டிய டாக்சி என்றால் ஓட்டுநர் வழிகாட்டியாகவும் தேர்ச்சி பெற்றவர். அப்பாவுக்கு இந்த மூன்று மணி நேரம்தான் பயணத்தின் சிறந்த பகுதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பொதுப்பணித்துறைக்காரர் ஆயிற்றே, வீட்டுக் கூரைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பர்முடாவில் ஆறும் கிடையாது, நன்னீர் ஏரியும் கிடையாது. சுண்ணாம்புக்கல் பலகைகளைப் படிப்படியாக அடுக்கி, வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள் ஒவ்வொரு கூரையையும். மழைநீர் அந்தப் படிகளில் வேகம் தணிந்து இறங்கி, ஓரத்து வாய்க்கால் வழியாக வீட்டுக்கடியில் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. குடிக்க, குளிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான் பெரும்பாலும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது 2003இல். இங்கே நூற்றாண்டுகளாக வீடு கட்டும் முறையே அதுதான். ஓட்டுநரிடம் தொட்டியைப் பற்றிக் கேட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

கிரிஸ்டல் குகைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 1907இல் பந்தைத் தேடிப் போன இரண்டு பையன்கள் கண்டுபிடித்தது என்கிறார்கள், கிரிக்கெட் பந்து. உள்ளே தெளிந்த தண்ணீருக்கு மேல் மிதவைப் பாலம். ஆனால் நிறையப் படி இறங்கி ஏற வேண்டும், அப்பா மேலேயே தோட்டத்தில் உட்காரட்டும்.

அப்பாவுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிக்கும் என்றால் 2007 உலகக் கோப்பையை நினைவுபடுத்துங்கள். இந்தியா 413 அடித்து 257 ரன்னில் ஜெயித்ததே, அந்த பர்முடா இதுதான். அந்தக் கனத்த உடம்போடு டுவெய்ன் லெவராக் ஸ்லிப்பில் பாய்ந்து உத்தப்பாவைப் பிடித்த கேட்சை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீவின் பெரிய திருவிழாவே கிரிக்கெட்தான்: ஆகஸ்ட் முதல் திங்களுக்கு முந்தைய வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சாமர்செட், செயின்ட் ஜார்ஜஸ் அணிகள் மோதும் கப் மேட்ச். 1834இல் அடிமை முறை ஒழிந்ததன் நினைவோடு கொண்டாடுவது. நீங்கள் ஜூலைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் அந்தத் தேதியோடு மோதுகிறதா என்று பாருங்கள். ஆட்டம் பார்க்கப் போவதானால் அருமை. கடைத்தெரு பார்க்க என்றால் அந்த இரண்டு நாளும் பூட்டியிருக்கும், பஸ்ஸும் குறைவு.

உங்கள் வீட்டுக்காரர் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் அது சரியான ஆலோசனை ஆகாது. முதலாவது, பதினொரு வயதுப் பையன். கேமனில் இடுப்பளவுத் தண்ணீரில் திருக்கை மீன்களோடு நிற்பதும், கோஸ்டா மாயாவிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் சாக்சோபென் மாயன் இடிபாடுகளைப் பார்ப்பதும், ரோவாட்டானில் பவளத் திட்டு மேல் முகமூடி போட்டு நீந்துவதும் அவன் வயதுக்குப் பெரிய விஷயம். நீங்கள் நாலு பேர் மட்டும் போவதாக எழுதியிருந்தால் என் பதில் மயாமிக் கப்பலாகத்தான் இருந்திருக்கும். அப்பா அம்மா ஊர் திரும்பிய பிறகு, டிசம்பர் விடுமுறையிலோ வசந்த கால விடுமுறையிலோ அந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பர்முடாக் கடல் குளிர்ந்துவிடும், கரீபியன் இதமாக இருக்கும். உள்ளூர்க்காரர்களே மே மாதக் கடைசியில் வரும் பர்முடா தினத்துக்கு முன் கடலில் இறங்குவதில்லை என்ற வழக்கம் உண்டு. ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பதாக இல்லாமல், எந்தப் பயணத்தை யாரோடு என்று அவரிடம் பேசிப் பாருங்கள்.

இரண்டாவது நியாயம் இன்னும் கனமானது. நாலு துறைமுகத்தில் ஒன்று ரத்தானால் மூன்று மிஞ்சும். பர்முடாப் பயணத்தில் பர்முடா ரத்தானால் மிஞ்சுவது கப்பல் மட்டும்தான். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2003 செப்டம்பரில் ஃபேபியன், 2014 அக்டோபரில் கொன்சாலோ, 2019 செப்டம்பரில் ஹம்பர்ட்டோ என்று தீவை மோசமாகத் தாக்கியவை பருவத்தின் பின்பாதியில் வந்தவை. ஜூலை முதல் பாதி ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. ஆகஸ்ட் நடுவுக்கு மேல் என்றால் நான் பர்முடாவை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். புயல் வந்தால் கப்பல் வழி மாறும் உரிமை டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. துறைமுக வரியைத் திருப்பித் தருவார்கள், கட்டணத்தைத் தர மாட்டார்கள்.

வழி மாறினால் எங்கே போகும் என்பதில்தான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் யாரும் யோசிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. 1886இல் வந்த ஒரு சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, வேறு அமெரிக்கத் துறைமுகங்களைச் சுற்றிக்காட்டி அங்கேயே கொண்டுவந்து இறக்குவதானால், வழியில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றையாவது தொட வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். ஆகவே பர்முடா போக முடியாத கப்பல் பாஸ்டனையும் மெய்னையும் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பிவிட முடியாது. நியூயார்க்கிலிருந்து கைக்கெட்டும் வெளிநாடு ஒன்று தெற்கே பஹாமாஸ், இன்னொன்று வடக்கே கனடா. கனடா பக்கம் திரும்பினால் அமெரிக்க விசா போதாது, கனடா விசா இல்லாத இந்தியர்கள் ஹாலிஃபாக்சிலோ செயின்ட் ஜானிலோ இறங்க முடியாது. அப்படி ஒரு நிலை வந்தால் உங்களை என்ன செய்வார்கள் என்று நான் மேலே சொன்ன மின்னஞ்சலிலேயே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே கனடா விசா இருந்தால் அந்தப் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கடல் ஆட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கிலிருந்து பர்முடா சுமார் 1,250 கிலோமீட்டர், திறந்த அட்லாண்டிக். வளைகுடா நீரோட்டத்தைக் கடக்கும்போது காற்று எதிராக இருந்தால் கப்பல் நன்றாகவே ஆடும், கரீபியனை விடக் கூடுதலாக. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில், லிஃப்டுக்கு அருகில் அறை எடுங்கள். ஆட்டமும் குறைவு, அப்பாவுக்கு நடையும் குறைவு. குளியலறை வாசலில் தரையைவிடச் சற்று உயரமாக ஒரு தடுப்பு இருக்கும், ராத்திரியில் தடுக்கும். சின்ன இரவு விளக்கு ஒன்று வாங்கி வையுங்கள், பேட்டரியில் எரிவது. குமட்டல் மாத்திரையை அப்பாவின் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று திருச்சி டாக்டரிடமே கேட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு அறை எடுப்பீர்கள். ஒன்றுதான் பால்கனி என்றால் அதை அப்பா அம்மாவுக்குக் கொடுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு அறையில் இருக்கவே போவதில்லை. அவர்கள் இருப்பார்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் கப்பல் கட்டணத்தில் தெரியாது. மயாமி என்றால் ஆறு விமான டிக்கெட், முந்தின நாளே போய்த் தங்க ஓட்டல், பெட்டிகளோடு இரண்டு வண்டி. பர்முடாக் கப்பல் கிளம்புவது பயோன் துறைமுகமோ மன்ஹாட்டன் துறைமுகமோ, இரண்டும் உங்கள் வீட்டிலிருந்து கார் தூரம். கரையில் நாலு ஊரிலும் ஆறு பேருக்குச் சுற்றுலா எடுப்பதற்கும் பர்முடாவில் பஸ் பாஸும் ஒரு நாள் டாக்சியும் எடுப்பதற்கும் நிறைய இடைவெளி. பர்முடாவில் சாப்பாட்டு விலை அதிகம், எல்லாமே கப்பலில் வந்து இறங்குவது. நீங்கள்தான் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடலாமே. இரண்டு பயணத்துக்கும் பொதுவான ஒரு செலவு சிப்பந்திகளுக்கான அன்பளிப்பு. தலைக்கு நாளொன்றுக்கு 18 டாலர் என்று வைத்தால் ஆறு பேருக்கு ஏழு நாளில் 756 டாலர், தானாகக் கணக்கில் ஏறும், கட்டண விளம்பரத்தில் இருக்காது. பெற்றோருக்கு எடுத்திருக்கும் பயணக் காப்பீடு அமெரிக்க எல்லைக்கு வெளியிலும் கடலிலும் செல்லுமா, அவசரத்துக்கு ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ கொண்டுவரும் செலவு அதில் சேர்த்தியா என்று பார்க்காமல் கிளம்பவே கூடாது. கப்பல் மருத்துவமனை காசு வாங்கும், தாராளமாகவே வாங்கும்.

அவர்கள் வந்து இறங்கிய முதல் பத்து நாளுக்குள் பயணத்தை வைக்காதீர்கள். தூக்கம் நேராகட்டும்.

கடைசியாக அம்மாவின் புளிக்காய்ச்சல். வீட்டில் செய்த உணவைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்ற விடுவதில்லை. கடையில் வாங்கி, பிரிக்காமல் சீல் இருக்கும் பொட்டலம் என்றால் பிரச்சினை வராது. பருப்புப் பொடி, ஊறுகாய் பாக்கெட், புளியோதரை மிக்ஸ் எல்லாம் எடிசனிலேயே கிடைக்கிறது, அதில் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர் இரண்டையும் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். முன்பதிவு செய்தவுடன் 'இந்திய சைவம்' என்று குறிப்பு எழுதிவிட்டு, ஏறிய அன்று மாலையே சாப்பாட்டுக் கூடத்தில் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்து, அம்மாவையும் கூட அழைத்துப் போய், மீன் எண்ணெயோ முட்டையோ கூடாது என்று நேரில் சொல்லுங்கள். மறுநாளிலிருந்து சாதமும் பருப்பும் ஒரு காய்கறிக் குழம்பும் தனியாகச் செய்து வைப்பார்கள். அதோடு உப்பு உறைப்பாக நீங்கள் கொண்டுபோன பொடி. தயிர் காலை உணவுப் பகுதியில் தினமும் இருக்கும், அதில் ஒரு கிண்ணம் மதியத்துக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.